காத்திருக்கத் தெரிந்த வில்

முகூர்த்த நேரத்தில் மண்டபமே மணமேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் நாதஸ்வரக்காரரைப் பார்ப்பேன். சீவாளி உதட்டில் இருக்கும். கண் மட்டும் வாத்தியாரின் கையை விட்டு அகலாது. தாலித் தட்டு சபையைச் சுற்றி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு இன்னும் மேடைக்குத் திரும்பவில்லையா, ராகத்தை இன்னொரு சுற்று வளர்ப்பார். பெண்ணின் பாட்டியைக் கைத்தாங்கலாக மேடையேற்றுகிறார்களா, அதற்கும் அவரிடம் ஒரு சங்கதி இருக்கும். வாத்தியார் கையை உயர்த்தி 'கெட்டிமேளம்' என்றதும், ராகம் எந்த ஸ்வரத்தில் நின்றிருந்தாலும் சரி, இரண்டு தவிலும் ஒன்றாகப் பொங்கும். அட்சதை பறக்கும். மூன்று முடிச்சும் விழுந்து முடிகிற வரைக்கும் அந்தச் சத்தம் தாழாது.

இந்தக் காரியத்தை எந்த ஒலிப்பதிவாலும் செய்ய முடியாது. பதிவு தன் போக்கில் ஓடும். தாலி எந்தக் கையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு வயலின் வைக்கலாமா, எப்படிப்பட்ட குழுவை வைக்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். நேரடி இசைக்குக் காசு கொடுப்பது எதற்கு? நம் வீட்டு நேரத்துக்குத் தக்கபடி அது நீளும், குறுகும், காத்திருக்கும். அந்தக் குணம் இல்லாத குழுவைத் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அது ஒலிபெருக்கிக்கு இன்னொரு பெயர்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் தங்கை மகளின் வரவேற்புக்கு ஒரு வயலின் குழுவை ஏற்பாடு செய்திருந்தோம். செல்போனில் பார்த்த காணொளியில் அசத்தலாக இருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே நுழையும்போது வாசிக்க வேண்டிய பாட்டைப் பெண்ணே ஆசையாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தாள். மாலை ஏழு மணிக்கு வரவேண்டியவர்கள் அலங்காரம் முடிந்து வாசலுக்கு வர ஏழே கால் ஆனது. ஆனால் பாட்டு ஏழு மணிக்கே தொடங்கிவிட்டது. தாளம், கீபோர்ட், பின்னணி எல்லாம் முன்கூட்டியே பதிவு செய்த டிராக்; அதன் மேல் வயலின் மட்டும் நேரடி. தொடங்கிய டிராக்கைப் பாதியில் நிறுத்த அவர்களுக்குத் தெரியவில்லை. பெண் வாசற்படியில் கால் வைத்தபோது அவள் பாட்டு முடிந்து, வேறேதோ துள்ளல் பாட்டு போய்க்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தை மட்டும் ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வைதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

மணலியிலிருந்து கூடத்துக்கு

வயலின் நம் ஊருக்கு வந்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த காலத்தில், ஐரோப்பிய வித்வான் ஒருவரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அதில் இன்னும் தேர்ச்சி பெற்றார். திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் 1834-ல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார்.

நம்மவர்கள் அந்த வாத்தியத்துக்குச் செய்த மாற்றம் கொஞ்சநஞ்சமல்ல. நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசித்ததைத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றி, மார்போடு சாய்த்து வாசிக்கத் தொடங்கினார்கள். நான்கு தந்திகளையும் ஸ-ப-ஸ-ப என்று கூட்டினார்கள். இடது கை சுதந்திரமாக மேலும் கீழும் வழுக்கிச் செல்ல இடம் கிடைத்தது. கமகம் பிறக்கும் இடம் அதுதான்.

ஆனால் நெடுங்காலம் அது பக்கவாத்தியமாகவே இருந்தது. பாடகர் ஒரு வரி பாடுவார், வயலின் அதை ஏந்தி நிழல்போல் கூடவே வரும். அன்றைய கல்யாணங்கள் நான்கைந்து நாள் நடந்தன. ஒரு நாள் மாலை பந்தலில் பெரிய வித்வானின் கச்சேரி வைப்பது வசதியுள்ள வீடுகளின் கௌரவம். யார் பாடினார், யார் வயலின், யார் மிருதங்கம் என்று சம்பந்தி வீட்டார் பல ஆண்டு கழித்தும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மாயவரத்திலும் கும்பகோணத்திலும் இப்படிப்பட்ட பந்தல் கச்சேரி நினைவுகளோடு வாழ்ந்த பெரியவர்கள் எத்தனையோ பேர்.

பக்கத்திலிருந்த வயலினை நடுவுக்குக் கொண்டுவந்தவர்கள் பலர். துவாரம் வெங்கடசுவாமி நாயுடு தனி வயலின் கச்சேரிக்கு வழி திறந்தார். லால்குடி ஜெயராமன் 1966-ல் வயலின், புல்லாங்குழல், வீணை மூன்றையும் ஒரே மேடையில் சேர்த்தார். ஆனால் கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வயலினைத் தனி நாயகனாக அழைத்து வந்தவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமென்றால், நான் குன்னக்குடி வைத்தியநாதனைத்தான் சொல்வேன். நெற்றி நிறைய விபூதி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு, பக்கத்தில் வலையப்பட்டி ஏ.ஆர்.சுப்பிரமணியத்தின் தவில். தியாகராஜ கீர்த்தனையை வாசித்த கையோடு சினிமாப் பாட்டை வாசிப்பார். ரயில் ஓடும் சத்தமும் குயில் கூவும் சத்தமும் வில்லிலிருந்து வரும். மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் ராகம் தெரியாத கூட்டத்தையும் உட்கார வைத்தார் என்பதுதான் என் கணக்கில் பெரிய விஷயம். இன்றைக்கு வரவேற்பு மேடையில் நின்றுகொண்டு மின் வயலின் வாசிக்கும் இளைஞர்கள் பலருக்கும், அவர்கள் அறிந்தோ அறியாமலோ, அவரே முன்னோடி. 2008-ல் அவர் மறைந்தார்.

முகூர்த்தத்தில் கை வைக்காதீர்கள்

அண்மைக் காலமாக ஒரு பேச்சு காதில் விழுகிறது: 'நாதஸ்வரம் ரொம்ப சத்தமா இருக்கு, பேசவே முடியல. அதுக்குப் பதிலா வயலின் வெச்சுடலாமா?'

வேண்டாம். எனக்கு வயலின் பித்து உண்டு. அந்த உரிமையில் சொல்கிறேன். நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கும் கோயில் வீதிக்கும் பிறந்தவை. ஊருக்கே சேதி சொல்வது அவற்றின் வேலை. தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அவச்சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் கொட்டுகிறோம். வயலின் நான்கு தந்தியை வைத்துக்கொண்டு அந்தக் காரியத்தைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. மைசூர் டி.சௌடையா பெரிய சபைகளில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்பதற்காக ஏழு தந்தி வயலினையே உருவாக்கினார். அப்படிப் பாடுபட்டு ஒலியைக் கூட்ட வேண்டிய வாத்தியம் இது. அதோடு, முகூர்த்த நாட்களை நம்பி வாழும் நாதஸ்வர, தவில் குடும்பங்கள் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றன. வயலின் வைத்தோம் என்பதற்காக அவர்கள் சாப்பாட்டு இலையை எடுத்துவிடக் கூடாது.

சத்தம்தான் குறை என்றால் அதற்கு வேறு வழி உண்டு. நாதஸ்வரத்துக்கு முன்னால் மைக் வைக்காதீர்கள். மூடிய குளிர்சாதன மண்டபத்தில் அதற்கு மைக்கே தேவையில்லை. பாதித் தலைவலி அங்கேயே போய்விடும்.

வயலினுக்கு உரிய இடங்கள் கல்யாணத்தில் வேறு இருக்கின்றன. நிச்சயதார்த்தம், ஊஞ்சல், நலங்கு, மாலை வரவேற்பு. இவற்றில் வரவேற்பைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஊஞ்சலை யாரும் நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் வயலினுக்கு ஊஞ்சலைவிடப் பொருத்தமான இடம் கல்யாணத்தில் வேறு கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். ஊஞ்சலில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். பாலும் பழமும் கொடுக்கிறார்கள், பச்சைப்பிடி சுற்றுகிறார்கள். 'பெரியம்மா, நீங்க பாடுங்களேன்' என்று நாலு பேர் கெஞ்சுகிறார்கள். எழுபது வயதுப் பெரியம்மா முதலில் மறுத்து, பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்குகிறாள். சுருதிப் பெட்டி இல்லை. அவள் பிடித்த சுருதி நாலு கட்டையும் இல்லை, நாலரையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. கீபோர்ட்காரர் திண்டாடிப்போவார், அவருடைய கட்டைகளுக்கு இடையில் அந்தச் சுருதி சிக்காது. வயலினில் வீணைக்கு உள்ளதுபோல் மெட்டுகள் கிடையாது. நல்ல வித்வான் பெரியம்மாவின் முதல் வரியிலேயே ஆதார ஷட்ஜத்தைக் காதால் பிடித்து, பிரடையைத் திருகித் தந்தியைக் கூட்டிக்கொண்டு, இரண்டாவது வரியில் மெல்ல அவள் குரலுக்குக் கீழே வில்லை ஓடவிடுவார். மூன்றாவது வரியில் பெரியம்மாவின் குரலுக்கு ஒரு தெம்பு வரும். நாலாவது வரியில் அவள் கண்ணை மூடிப் பாடுவாள். ஐம்பது ஆண்டுக்கு முன் தன் ஊஞ்சலுக்குக் கேட்ட பாட்டை முழுவதும் நினைவுக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

இருநூறு ஆண்டாக நம் வயலின் கற்ற கலையே இதுதான், இன்னொரு குரலுக்குத் துணை போவது. தியாகராஜரின் உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளில் ஒன்றான 'சீதா கல்யாண வைபோகமே' பெரும்பாலும் குறிஞ்சி ராகத்தில் பாடப்படுகிறது. அதற்கும், ஆனந்தபைரவியில் நடக்கும் ஊஞ்சல் பாட்டுகளுக்கும் மிருதங்கம்கூட வேண்டாம். ஒரு வயலின் போதும், மைக் வேண்டாம், மேடை வேண்டாம். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு ஜமுக்காளம் விரித்தால் ஆயிற்று. செலவும் குறைவு. முகூர்த்தத்துக்கு முன் நடக்கும் சடங்கு என்பதால் காலையில் சீக்கிரமே வரவேண்டும் என்று வித்வானிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

யாரை அழைப்பது

சமூக ஊடகத்தில் வரும் ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது ஸ்டுடியோவில் திருத்திச் சேர்த்த ஒலியாக இருக்கலாம். ஏற்கெனவே வாசித்த ஏதாவதொரு நிகழ்ச்சியிலிருந்து வெட்டாத, ஒட்டாத பத்து நிமிடப் பதிவு கேளுங்கள். முடிந்தால் அவர் வாசிக்கும் கோயில் கச்சேரிக்கோ சபா கச்சேரிக்கோ நேரில் போய் உட்காருங்கள். சென்னையில் பகல் நேரக் கச்சேரிகள் பலவற்றுக்கு அனுமதி இலவசம். அங்கே நாளைய பெரிய வித்வான்கள் இன்று இருபது பேருக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, டிராக் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். டிராக் வைத்து வாசிப்பது குற்றமில்லை. ஒருவரே வந்து முழு ஆர்கெஸ்ட்ராவின் ஒலியைத் தர அது வசதி. ஆனால் உங்களுக்கு எது கிடைக்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் விருப்பம், ஒரு வயலினும் ஒரு தாள வாத்தியமும் என்றாலும் இரண்டும் ரத்தமும் சதையுமான மனிதர்களின் கையில் இருக்க வேண்டும். மிருதங்கமோ தபலாவோ இருந்தால் மென்மை. தவில் இருந்தால் கல்யாணக் களை. கூடவே கடமோ கஞ்சிராவோ சேர்ந்தால் போதும்; ஏழெட்டுப் பேர் மேடையை அடைத்துக்கொள்ளத் தேவையில்லை. நான்கு பேர் கண்ணால் பேசிக்கொள்வார்கள். மணமக்கள் வாசலுக்கு வந்ததைத் தபலாக்காரர் பார்த்தால் போதும், அடுத்த ஆவர்த்தனத்தில் பாட்டு மாறிவிடும்.

'நாங்கள் நுழைய இருபது நிமிடம் தாமதமானால் என்ன வாசிப்பீர்கள்?' குழுத் தலைவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். நல்ல கலைஞரின் முகம் மலரும். 'அதுக்கென்ன, மோகனத்தை இன்னும் கொஞ்சம் வாசிச்சிட்டிருப்போம்' என்பார். அந்தப் பதிலைக் கேட்டதும் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.

பாட்டுப் பட்டியல் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். வயலின் வாசிக்கும்போது சொல் இருக்காது, மெட்டு மட்டும்தான் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். தமிழர்களுக்கு மெட்டு கேட்டால் சொல்லும் கேட்கும். மனதை உருக்கும் மெட்டு என்பதற்காக 'நாயகன்' படத்தின் 'தென்பாண்டிச் சீமையிலே' பாட்டை ஒரு வரவேற்பில் வாசிக்கக் கேட்டேன். அருமையான வாசிப்பு. ஆனால் ஆதரவற்றவனின் துயரத்தை நினைவூட்டும் பாட்டு அது. முன் வரிசையில் இருந்த பெண்ணின் தாய், அண்மையில் கணவரை இழந்தவர், தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரிவுப் பாட்டு, தாலாட்டில் சோகம் கலந்த பாட்டு, படத்தில் சாவுக் காட்சிக்கு வந்த பாட்டு ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து முன்பே எடுத்துவிடுங்கள். ராகத்திலும் அப்படியே. முகாரியையும் சுபபந்துவராளியையும் விவரம் தெரிந்த வித்வான் தானாகவே ஒதுக்கிவிடுவார். கல்யாணி, ஹம்ஸத்வனி, மோகனம், கமாஸ், சஹானா, பெஹாக், சிந்துபைரவி என்று மங்கலமும் இனிமையும் நிறைந்த ராகங்களுக்குப் பஞ்சமில்லை.

கீர்த்தனையா சினிமாவா என்ற சண்டை பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் எல்லா வீட்டிலும் வரும். வயலின் அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கக்கூடிய வாத்தியம். ரீதிகௌளையில் ஒரு கீர்த்தனையை வாசித்து முடித்து, அப்படியே 1977-ல் வந்த 'கவிக்குயில்' படத்தின் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாட்டுக்குள் நுழையலாம். இரண்டும் ஒரே ராகம். தாத்தா தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே பேரன் நிமிர்ந்து உட்காருவான். தமிழ்த் திரையிசையில் வயலின் புதிய விருந்தாளி அல்லவே. சென்னை ஸ்டுடியோக்களில் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசித்த வயலின் கலைஞர்களின் உழைப்பில்தான் நம் பாட்டுகளின் இடையிசை வாழ்கிறது. இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில் வி.எஸ்.நரசிம்மனின் வயலினைக் கேட்டவர்களுக்கு, தியாகராஜரும் ஐரோப்பிய இசைமேதை பாக்கும் ஒரே வில்லில் சந்திக்க முடியும் என்பது தெரியும்.

பதிப்புரிமை பற்றி ஒரு வார்த்தை. சினிமாப் பாட்டு வாசித்தால் உரிமத் தொகை கட்டவேண்டும் என்று சில மண்டபங்களில் பயமுறுத்துகிறார்கள். கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு வாசிப்பது உரிமை மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இதைப் பொது அறிவிப்பாகவும் தெளிவுபடுத்தியது.

மண்டபத்துக்குள் நடப்பது

எவ்வளவு நல்ல குழுவாக இருந்தாலும் தவறான இடத்தில் உட்காரவைத்தால் பாழ். வரவேற்பில் மேடை அலங்காரக்காரர், புகைப்படக்காரர், எல்.இ.டி. திரைக்காரர் மூவரும் இடத்தைப் பிரித்துக்கொண்ட பிறகு மிச்சமிருக்கும் மூலை வயலினுக்கு வரும். பெரும்பாலும் அது சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழி. பந்திக்கு விரையும் கூட்டம் கலைஞர்களின் முழங்காலை இடித்துக்கொண்டு போகும். அங்கிருந்து மணமேடை தெரியாது. தெரியாவிட்டால் காத்திருக்கவும் முடியாது.

அதனால் மண்டபம் பேசி முடித்த அன்றே இசைக்குழுவின் இடத்தையும் முடிவு செய்யுங்கள். மணமேடையும் நுழைவாசலும் இரண்டும் கண்ணுக்குத் தெரியும் இடம். அரையடி உயர மேடை போதும். குளிர்சாதனக் காற்று நேரே வீசும் இடம் கூடாது. வெளியே வெக்கை, உள்ளே குளிர் என்று மாறும்போது தந்தியின் சுருதி நிலைக்காது, பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்க வேண்டி வரும். வில்லில் இருப்பது குதிரை மயிர். ரோசின் தடவித்தான் அது தந்தியைப் பற்றுகிறது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அதற்கும் சிரமம்தான். திறந்த புல்வெளி வரவேற்பு என்றால் பனி இறங்கும் முன் முடித்துக்கொள்வது நல்லது. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டமும் இடம் தராது.

ஒலிக்கு வருவோம். வயலினில் பொருத்தும் பிக்கப் சத்தத்தைக் கூட்டும். ஆனால் மலிவான பிக்கப் வயலினைக் கொசு ரீங்காரமாக்கிவிடும். பிக்கப்போடு ஒரு மைக்கும் இருந்தால் மரத்தின் நாதம் கேட்கும். விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சவுண்ட் செக் முடிய வேண்டும். மண்டபத்து மைக் செட்காரரிடம் வீட்டுப் பெரியவர் ஒருவர் பொறுமையாகச் சொல்லவேண்டியது ஒன்றுதான்: பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவுக்கு ஒலி இருந்தால் போதும். வயலினை உரக்க வைத்தால் விருந்தினர் அதைவிட உரக்கப் பேசுவார்கள். பிறகு இன்னும் உரக்க வைப்பார்கள். அந்தப் போட்டியில் முதலில் தோற்பது வயலின்.

ஒரே மாலையில் வயலினும் டி.ஜே.யும் வேண்டும் என்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இருக்கட்டும். வயலினுக்கு முதல் இரண்டு மணி நேரம், பிறகு மற்றது. வயலின்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் டி.ஜே. பெட்டியைச் சோதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நடுவயது வித்வான் ஒருவர் வில்லைத் தளர்த்தி, பெட்டியில் வைத்து மூடி, எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். அந்த வீட்டார் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் வேதனை.

கலைஞர்களுக்கு முதல் பந்தியிலோ, வாசிப்பதற்கு முன்போ இலை போடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் சாம்பார் தீர்ந்த பந்தியில் அவர்களை உட்கார வைக்காதீர்கள். பேசிய தொகை, பாக்கி தரும் நேரம், வண்டிச் செலவு, வாசிக்கும் நேரம் நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணக்கை நிறைவாக முடித்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கும் பழக்கம் நம்முடையது. அதை விட்டுவிடக் கூடாது.

மார்கழி, தை, கொலு

வயலின் கலைஞர்களின் ஆண்டு மற்றவர்களுடைய ஆண்டு மாதிரி இல்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆனால் அவர்களுக்கு அதுதான் உச்ச காலம். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் இசைவிழா அதிலிருந்து கிளைத்து இன்று ஊர் முழுதும் பரவியிருக்கிறது. நல்ல வயலின் வித்வான் ஒரு நாளில் இரண்டு சபாக்களில் வாசிப்பார். தை பிறந்ததும் கல்யாணங்கள் வரிசையில் வரும். எனவே தை, மாசி முகூர்த்தத்துக்கு ஆவணியிலேயே பேசி வைப்பது நல்லது. அவர்களை நேரில் கேட்டுத் தேர்ந்தெடுக்க அதற்கு முந்தைய மார்கழியைவிட நல்ல காலம் கிடையாது.

மார்கழியிலேயே வீட்டில் இசை வைக்க விரும்புகிறவர்களுக்குத் திருப்பாவை இருக்கிறது. முப்பது பாசுரங்களுக்கும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ராகம் அமைத்தார். முதல் ஐந்தும் கன ராகங்களின் வரிசையில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று போகும். தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரு விடியற்காலையில் ஒரு வயலினை வைத்துக்கொண்டு பாடிப் பாருங்கள். பொங்கல் பிரசாதத்துக்கு முன் அப்படி ஒரு மணி நேரம், வேறெங்கும் கிடைக்காது.

நவராத்திரிக் கொலுவுக்கு என் பரிந்துரை ஒரே வயலின், ஒரே மாலை. சுவாதித் திருநாள் ஒன்பது நாளுக்கு ஒன்பது கீர்த்தனை இயற்றியிருக்கிறார். திருவனந்தபுரத்தில் நவராத்திரி மண்டபத்தில் இன்றும் நாளுக்கு ஒன்றாக அவற்றைப் பாடுகிறார்கள். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, கடைசி நாள் ஆரபி. நீங்கள் வித்வானை அழைத்திருக்கும் நாள் எதுவோ அந்த நாளின் ராகத்தை வாசிக்கச் சொல்லுங்கள். சுண்டல் வாங்க வந்த குழந்தைக்கும் அது ஒரு நினைவாகத் தங்கும். வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் இதே சிறிய அளவு பொருந்தும். அறுபதாம் கல்யாணத்தில் அந்தத் தம்பதி தங்கள் முதல் கல்யாணத்து வருஷம் கேட்ட படப்பாட்டுகளை ஒரு பட்டியலாகக் கொடுத்துவிட்டால் போதும்.

தேவாலயத் திருமணங்களுக்கும் கிறிஸ்துமஸ் காலத்துக்கும் வயலின் வெகு இயல்பாகப் பொருந்துகிறது. மணமக்கள் வெளியே வரும்போது மெண்டல்சன் 1842-ல் எழுதிய திருமண அணிவகுப்பு இசையை வாசிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அதோடு நின்றுவிட வேண்டாம் என்பேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் எழுதிய கிறிஸ்தவக் கீர்த்தனைகள் நம் திருச்சபைகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்படுகின்றன. தமிழிசை ஆராய்ச்சிக்கு 'கருணாமிர்த சாகரம்' தந்த ஆபிரகாம் பண்டிதர் வளர்ந்த மரபு அது. ஆல்டரில் உறுதிமொழி எடுத்த பிறகு பதிவேட்டில் கையெழுத்திடும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரு தமிழ்க் கீர்த்தனையை வயலினில் கேட்டால், பாட்டி முதல் பேத்தி வரை எல்லோர் உதடும் அசையும்.

எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டு நாம் மறந்துபோவது ஒன்று உண்டு, கேட்பதற்கு ஆள். புகைப்படத்துக்கு நிற்கும் வரிசை மேடைப் பக்கம், பசித்தவர்கள் பந்திப் பக்கம். வயலின் நடுவில் தனியாக ஒலித்துக்கொண்டிருக்கும். ஒரு வரவேற்பில் கடைசியாக மத்யமாவதி வாசித்து மங்களம் பாடும்போது கேட்டது நானும், சக்கர நாற்காலியில் இருந்த ஒரு முதியவரும் மட்டும்தான். வித்வான் எங்கள் இருவருக்காகவும் முழு மங்களத்தையும் வாசித்தார்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் வயலின் வைப்பீர்களானால், அந்த மேடைக்கு நேரே பத்து நாற்காலி போடுங்கள். அவற்றில் அத்தை, மாமா, பெரியப்பா, பாட்டு கேட்கப் பிடித்த அக்கம்பக்கத்தார் யாரையாவது உட்கார வையுங்கள். முதல் பாட்டு முடிந்ததும் அவர்களில் ஒருவரைக் கைதட்டச் சொல்லுங்கள்.

என் அடுத்த மருமகளின் கல்யாணம் வருகிற தையில். ஊஞ்சலுக்கு வயலின், கூடப் பாட என் பெரியம்மா. டிராக் கிடையாது.